அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்கு வீடியோவில் டொக்டரைக் காட்டலாமா? மஸ்கெலியாவில் இருந்து கேட்கிறேன்

மவுசாக்கலை_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் ரோலர் ரூமில் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். ஆறு வருடத்துக்கு முன்பு வலது கை நடுங்கத் தொடங்கியது, அப்புறம் நடை குறுகியது, சட்டைப் பொத்தான் போடுவதற்கே கால் மணித்தியாலம் ஆனது. பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று தடவை. மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் கிளினிக் போய் வருவதில்தான். கண்டிப் பக்கம் போக வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, தம்பி தன் ஆட்டோவில் டவுனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஹட்டன் பஸ், ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்க வேண்டும். அப்பாவுக்கு வாந்தி வரும். அதற்காக முதல் நாளே வாந்தி மாத்திரை ஒன்று வாங்கி வைத்து, ராத்திரி ஒன்றும் காலையில் ஒன்றும் கொடுத்துத்தான் பஸ் ஏற்றுவோம். வாந்தியில் போய்விடுமே என்று காலை பார்க்கின்சன் மாத்திரையை மட்டும் கொடுப்பதில்லை, போய்ச் சேர்ந்து கொடுக்கலாம் என்று நினைப்போம், கிளினிக் கூட்டத்தில் அதுவும் தள்ளிப் போகும். உள்ளே கூப்பிடும்போது அப்பா மரக்கட்டை மாதிரி இறுகிப் போயிருப்பார். டொக்டர் பார்க்கிறார், மருந்து போதவில்லை என்று கொஞ்சம் கூட்டுகிறார். ஒரு வருடத்தில் மூன்று தடவை கூட்டியாகிவிட்டது.

வீட்டில் நடப்பது வேறு. மாத்திரை போட்டு ஒரு மணித்தியாலத்தில் கழுத்தும் தோளும் இடுப்பும் தானாக நெளிகின்றன. பழைய நடுக்கம் மாதிரி இல்லை. பாம்பு நெளிவது போல. அம்மா பயந்து போய் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். தம்பி இதைக் கிளினிக்கில் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் 'ஆட்டம் கூடிவிட்டது' என்றுதான் சொல்லியிருக்கிறான். எனக்கு இப்போது சந்தேகம், அதனால்தானோ மருந்தைக் கூட்டினார்கள் என்று.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு தடவைதான் வீட்டுக்குப் போக முடியும். அம்மா இன்னும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். தமிழ் பேசும் நரம்பியல் டொக்டர் ஒருவரை வீடியோவில் பார்க்கலாம் என்று ஆபீஸில் ஓர் அக்கா சொன்னார். இந்த நோய்க்கு வீடியோவில் பார்த்து என்ன தெரியும்? கிளினிக்கை விட்டுவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.


பொகவந்தலாவை_பனி:

தங்கச்சி, முதலில் ஒன்று. கிளினிக்கை விடாதீர்கள். அம்மாவுக்கு இதே நோய்தான், ஐந்தாவது வருடம். நாங்கள் வீடியோவும் பார்க்கிறோம், கிளினிக்கும் போகிறோம். மாதாமாதம் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரை கிளினிக் கொப்பியில்தான் இருக்கிறது. வெளியில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு பார்மசியில் விலை கேட்டுப் பாருங்கள். 2022 இல் மாத்திரை தட்டுப்பாடு வந்தபோது ஹட்டனில் கடை கடையாக ஏறி இறங்கினேன், அந்த நாட்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

வீடியோவில் பார்க்கும் டொக்டர் ஒன்று எழுதுவார், கிளினிக் டொக்டர் வேறொன்று எழுதுவார், வீட்டில் இரண்டு அளவும் சேர்ந்து குழம்பிப் போகும். எங்களுக்கு அப்படி ஒரு தடவை நடந்தது, அம்மா மூன்று நாள் பிதற்றினார். அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் வழக்கம் இது: வீடியோ டொக்டரிடம் ஒவ்வொரு தடவையும் கிளினிக் டொக்டருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குவேன். என்ன பார்த்தார், எதை மாற்றச் சொல்கிறார், ஏன் என்று அரைப் பக்கம். அதைப் பிரிண்ட் எடுத்துக் கொப்பியில் ஒட்டிவிடுவேன். கிளினிக் டொக்டர் அதைப் பார்த்துக் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் படித்துவிட்டு, நல்லது என்று சொல்லி அதே அளவைக் கொப்பியில் எழுதினார்.

இனி வீடியோ விஷயம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். மேலே ரோட்டு வளைவுக்குப் போனால் நன்றாக இருக்கும், ஆனால் அம்மாவை அந்தப் படிக்கட்டில் ஏற்ற முடியாது. முதல் தடவை அழைப்பு ஒன்பது முறை அறுந்தது. டொக்டருக்கு அம்மாவின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. காசும் போய், ஒரு நாள் சம்பளமும் போய், அம்மாவும் களைத்துப் போனார்.

பிறகு அந்த டொக்டரே ஒரு வழி சொன்னார். முன்கூட்டியே போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பிறகு சாதாரண அழைப்பில் பேசுவோம் என்றார். அதுதான் எங்களுக்குச் சரிவந்தது. நான் எடுப்பது எல்லாம் வீட்டில் எடுக்கிறேன், ராத்திரி வளைவுக்கு நடந்து போய் அனுப்பிவிட்டு வருகிறேன். மறுநாள் பேசும்போது டொக்டர் ஏற்கெனவே பார்த்திருப்பார், நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை பார்த்தேன் என்பார்.

எதை எடுக்க வேண்டும் என்று எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு ஒன்று, போட்டு ஒரு மணித்தியாலத்தில் ஒன்று, அடுத்த மாத்திரைக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது ஒன்று. ஒரே நாளில் மூன்றும். ஒவ்வொன்றிலும் அதே வேலைகள்: பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து வேகமாகத் தட்டுவது, கையை விரித்து மூடுவது, குதிகாலைத் தரையில் தட்டுவது, கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து எழும்புவது, வாசலில் பத்தடி நடந்து திரும்பி வருவது. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், எடுக்காதீர்கள், இருட்டு, நடக்கவும் இடம் போதாது. லயத்து வாசலில் பகல் வெளிச்சத்தில், வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிற மாதிரி நின்று எடுங்கள். தலையில் இருந்து பாதம் வரைக்கும் தெரிய வேண்டும். நடக்கும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், திரும்பும் இடத்தில்தான் விழுவார்கள்.

அப்பா நெளிவது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உடனே எடுத்து வையுங்கள். அதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தம்பி தேட வேண்டியதில்லை, போனை நீட்டினால் போதும். அம்மாவுக்கும் அது வந்தது. மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருகிறது என்று சொன்னார்கள். கயிறு கட்டியது இருக்கட்டும், அம்மாவின் மனசுக்கு அது ஆறுதல். ஆனால் இது பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று டொக்டர் வாயாலேயே அம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் பெரியம்மா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவே வந்தார்.


ஊவாக்காற்று:

நான் ஊவாவில் ஓர் அரச வைத்தியசாலையில் மருத்துவ அதிகாரி. நரம்பியல் நிபுணர் இல்லை, ஆனால் இப்படியான நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை நிமிர வைத்தது. அந்த வாந்தி மாத்திரை. அதன் பெயர் என்ன? உறையைப் பார்த்து எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மெட்டோக்லோபிரமைட், புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். பார்க்கின்சன் நோயில் குறைந்து போவதே டோபமைன்தான், லெவோடோபா அதைத்தான் ஈடு செய்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் வாய்க்காலை அடைத்தது மாதிரி. அந்த மாத்திரையைப் போட்டு, காலை லெவோடோபாவையும் நிறுத்தி, ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் ஆட்டி, வரிசையில் உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் இறுகித்தான் போவார். கிளினிக் டொக்டர் கண்ட அப்பா அந்த ஒரு நாள் அப்பா. மீதி 29 நாள் அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. அவர் மேல் பிழை சொல்ல முடியாது, முன்னால் இருப்பதற்குத்தான் மருந்து எழுத முடியும்.

அதனால் உங்கள் விஷயத்தில் வீடியோ வசதிக்காக மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும் நோயை டொக்டர் கண்ணால் பார்க்க அது ஒன்றுதான் வழி. நெளிவது பற்றி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மருந்து கூடியதால் வரும் அசைவாக இருக்கலாம், வீடியோ இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் இறுக்கம், காய்ச்சல், நினைவு மாறுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பஸ் போகும் நாளிலும் நேரத்துக்குக் கொடுங்கள். சோற்றோடு, பருப்பு, முட்டை, கருவாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சிலருக்குப் புரதம் மருந்து உறிஞ்சுவதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு, அல்லது ஒரு மணித்தியாலம் பின்பு நல்லது. வாந்திக்கு வேறு மருந்து உண்டு. டொம்பெரிடோன் மூளைக்குள் மிகக் குறைவாகத்தான் போகும் என்பதால் இவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் எழுதுவோம், ஆனால் இதய நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது. அதையும் டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள், கடையில் நேரே வாங்காதீர்கள்.

வீடியோவில் என்ன தெரியும் என்று கேட்டீர்கள். நடுக்கம், அசைவின் வேகம், நடை, முகபாவம், பேச்சு, எழுத்து சிறுத்துப் போவது, இவை எல்லாம் நன்றாகவே தெரியும். தெரியாதது தசை இறுக்கம், அதைக் கையைப் பிடித்து மடக்கித்தான் பார்க்க வேண்டும். பின்னால் இருந்து இழுத்துப் பார்த்துச் சமநிலை சோதிப்பதையும் வீடியோவில் செய்யக் கூடாது, வீட்டில் யாரும் முயற்சி செய்யவே வேண்டாம். அமெரிக்காவில் 18 மாநிலங்களில் பார்க்கின்சன் உள்ள 195 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017 இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு வருடத்தில் நான்கு வீடியோ சந்திப்பு. வாழ்க்கைத் தரத்தில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் 88 நிமிடமும் 38 மைலும் மிச்சமாகியது. 38 மைல் என்றால் கிட்டத்தட்ட 61 கிலோமீட்டர். அங்கே அது காரில் நல்ல ரோட்டில். ஹட்டனில் இருந்து கண்டிக்கு ஏறக்குறைய அதே தூரம்தான், ஆனால் உங்கள் அப்பாவுக்கு அது ஒரு முழு நாள்.

கேட்க விட்ட இன்னொன்று. அப்பா எழும்பும்போது தலை சுற்றுகிறது என்கிறாரா? நோயாலும் மருந்தாலும் இரத்த அழுத்தம் விழும். கையில் கட்டும் பிரஷர் மெஷின் கிடைத்தால் ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒன்று, நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று எடுத்து எழுதி வையுங்கள்.


கினிகத்தேனை_மருமகன்:

எல்லோரும் வீடியோவை நல்லது என்று சொல்வதால் எங்களுக்கு நடந்ததையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. மாமாவுக்கு, அதாவது மனைவியின் அப்பாவுக்கு, எட்டு வருடமாக இதே நோய். ஒரு வருடம் முழுக்க வீடியோவிலேயே பார்த்தோம். டொக்டரின் பெயர் சொல்ல விரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆறு ஏழு நிமிடம், கதிரையில் உட்கார்ந்த மார்பளவுப் படம், எழும்பி நட என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

ஒரு நாள் மாமா மந்தமாகிவிட்டார். பகலில் தூக்கம், பேச்சுக் குறைவு, இடது காலை இழுத்து நடந்தார். நோய் முற்றுகிறது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். விழுந்தாரா என்று கேட்டார்கள், இல்லை என்றோம். உண்மையில் மூன்று வாரத்துக்கு முன்பு ராத்திரி வெளிக் கக்கூஸுக்குப் போகும்போது படியில் வழுக்கித் தலை அடிபட்டிருக்கிறது. மாமி அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பிள்ளைகள் தன்னைத் திட்டுவார்கள் என்று பயம். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்து, அன்றே தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தால் மண்டைக்குள் மூளையைச் சுற்றி இரத்தம் கட்டி நிற்கிறது. துளை போட்டு எடுத்தார்கள். மாமா பிழைத்துவிட்டார், இப்போது நடக்கிறார். ஆனால் இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பார்க்கின்சன் மெதுவாக வளரும் நோய். பத்து நாளில், இரண்டு வாரத்தில் ஆள் திடீரென்று மாறினால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் பலவீனமானால், வீடியோ வேண்டாம், ஆளைக் கொண்டு போங்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.


ஊவாக்காற்று:

கினிகத்தேனைக்காரர் சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். வயதானவர்களுக்கு விழுந்த உடனே ஒன்றும் தெரியாது, இரத்தம் மெதுவாகக் கசிந்து வாரங்கள் கழித்துத்தான் காட்டும். வாய் கோணல், கை கால் திடீர்ப் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம், மூச்சுத் திணறும் அளவு விக்கல் புரையேறல் எதுவானாலும் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். விழுந்தால் திட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டுகிற வீட்டில் விழுந்ததை மறைப்பார்கள். இதை நான் வார்டில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.


பண்டாரவளை_அம்மா:

என் மகளுக்கு வலிப்பு, 14 வயது. நோய் வேறு, ஆனால் வீடியோ எங்களை எப்படிக் காப்பாற்றியது என்று சொன்னால் யாருக்காவது பயன்படும்.

பெரிய வலிப்பு இரண்டு தடவைதான் வந்தது. அதற்கு மாத்திரை கொடுத்து நின்றுவிட்டது என்று நினைத்தோம். ஆனால் பாடசாலையில் டீச்சர், பிள்ளை பாடம் நடக்கும்போது கனவு காண்கிறாள், கூப்பிட்டால் பதில் இல்லை, சட்டை நுனியைப் பிடித்துத் தடவுகிறாள் என்று அடிக்கடி எழுதி அனுப்பினார். நாங்களும் பிள்ளையைக் கண்டித்தோம், கடவுளே. ஒரு நாள் சாப்பிடும்போது அப்படி ஆனதை என் மூத்த மகன் போனில் எடுத்தான். நாற்பது செக்கன். கண் திறந்தபடி, வாயைச் சப்புக்கொட்டுகிறாள், வலது கை சட்டையைப் பிசைகிறது, பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழிக்கிறாள். அதை அனுப்பினோம். டொக்டர் பார்த்துவிட்டு இதுவும் வலிப்புத்தான் அம்மா என்றார். கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் அவளுக்கு ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை, பிறகு எப்படித் தெரியும்?

எடுக்கும்போது போனைக் குறுக்காகப் பிடித்து முகமும் இரண்டு கையும் தெரிய எடுங்கள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது முக்கியம் என்றார்கள். நின்ற பிறகும் ஒரு நிமிடம் தொடர்ந்து எடுங்கள், பெயரைக் கேளுங்கள், எப்போது பதில் சொல்கிறாள் என்று அதில் பதியும். ஆனால் பெரிய வலிப்பென்றால் முதலில் பிள்ளை, பிறகுதான் போன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று வைத்து, மணி பார்க்க வேண்டும். வாயில் கரண்டி வைப்பது, கையில் சாவிக்கொத்துத் திணிப்பது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் பிறக்கும் குழந்தைக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று டொக்டர் எங்களிடம் விளக்கி வேறு மருந்துக்கு மாற்றினார். இந்தப் பேச்சை வீடியோவில் பேசினோம், நானும் மகளும் மட்டும். கிளினிக்கில் பின்னால் பத்துப் பேர் நிற்க அவள் வாயே திறந்திருக்க மாட்டாள்.


மவுசாக்கலை_மகள்:

எல்லோருக்கும் முதலில் நன்றி. போன சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். டொக்டர், அந்த மாத்திரை மெட்டோக்லோபிரமைட்தான். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக நாங்களே கொடுத்திருக்கிறோம்.

பண்டாரவளை அம்மா சொன்னது எனக்கு ஒரு புதுக் கேள்வியைக் கிளப்பியது. எங்கள் வீடு ஒரு காம்பிராவும், அதாவது ஓர் அறையும், குசினியும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்பா சிறுநீர் விஷயம், மலச்சிக்கல், மனசு உடைந்து போவது எதையும் அம்மா தம்பி முன்னால் சொல்ல மாட்டார். இதற்கு யாராவது வழி வைத்திருக்கிறீர்களா? இன்னொன்று, தம்பி காலை ஆறு மணிக்கே ஆட்டோவை எடுத்துப் போய்விடுவான். அம்மாவுக்கு இந்தப் போன் பழக்கமில்லை. யார் பிடிப்பது?


பொகவந்தலாவை_பனி:

இயர்போன் வாங்கிக் கொடுங்கள் தங்கச்சி, டொக்டர் கேட்பது வெளியில் கேட்காது, அப்பா ஆம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். முக்கியமான கேள்விகளுக்கு ஆம் இல்லை என்ற மாதிரிக் கேட்கச் சொல்லி டொக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாத ஆட்கள் அறைக்குள் நிற்பதாகக் கண்டதை என் அம்மா இப்படித்தான் டொக்டரிடம் சொன்னார். எங்களிடம் ஆறு மாதமாகச் சொல்லவில்லை, பைத்தியம் என்று நினைப்போமாம். அது மருந்தாலும் வரலாம் என்று டொக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார்.

பிடிப்பதற்கு, எங்கள் லயத்தில் ஓ.எல். எழுதிவிட்டு இருந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவள் எங்கள் அம்மாவுக்கும், இரண்டு வீடு தள்ளி பாரிசவாதம் வந்த தாத்தாவுக்கும் செய்கிறாள். சும்மா செய்யச் சொல்லாதீர்கள், ஏதாவது கையில் கொடுங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்மதமா என்றும் கேளுங்கள், மற்றவர் வீட்டுப் பிள்ளை வீடியோ எடுப்பதை எல்லோரும் விரும்ப மாட்டார்கள். எடுத்ததை அனுப்பியதும் அந்தப் பிள்ளை போனில் இருந்து அழித்துவிட வேண்டும், இதில் நான் கண்டிப்பு.


மவுசாக்கலை_மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

மூன்று வீடியோவும் எடுத்தேன், பனி அண்ணா சொன்ன மாதிரியே. தமிழ் பேசும் டொக்டர் ஒருவர், ஊர் மட்டக்களப்பாம். சிக்னல் சரியில்லாததால் சாதாரண அழைப்பில் பேசினோம், நான் கொழும்பில் இருந்து சேர்ந்துகொண்டேன். டொக்டர், நெளிகிற வீடியோவைப் பார்த்தேன், இது நோய் கூடியது இல்லை, ஒரு நேரத்தில் மருந்து அளவுக்கு மேல் போகிறது என்றார். ஒரு நாளைக்கான அளவைக் கொஞ்சம் குறைத்து, மூன்று தடவையாகக் கொடுத்ததை ஐந்து தடவையாகப் பிரித்தார். காலை ஐந்தரைக்கு முதல் மாத்திரை. தம்பி போவதற்கு முன்பு அவனே கொடுக்கிறான், மற்றதுக்கு அம்மாவின் போனில் அலாரம் வைத்திருக்கிறோம், அம்மா மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்து மாத்திரையைப் பக்கத்து வீட்டு அத்தை கொடுக்கிறார். அம்மாவிடம் டொக்டர் தமிழில் பேசினார், இது மருந்தால் வருகிற அசைவு அம்மா, வேறொன்றும் இல்லை என்று. அம்மா அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கடிதம் வாங்கிக் கொப்பியில் ஒட்டியாயிற்று. கிளினிக் அடுத்த மாதம், வாந்திக்கு வேறு மாத்திரை தரலாமா என்று ஈசிஜி பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

நெளிவது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. மத்தியானத்தில் இறுகுவது கொஞ்சம் இருக்கிறது, கொப்பியில் நேரத்தோடு எழுதி வருகிறோம். ஊவா டொக்டர், நீங்கள் சொன்ன பிரஷர் மெஷினும் ஒருவரிடம் இரவல் வாங்கி எடுத்தோம். படுத்திருக்கும்போது மேல் இலக்கம் 138, நின்று மூன்று நிமிடத்தில் 112. அடுத்த வீடியோ இருபது நாளில். அப்போது சொல்லலாமா?


ஊவாக்காற்று:

இருபது நாள் காத்திருக்காதீர்கள். மேல் இலக்கம் 20 விழுந்தாலே கவனிக்க வேண்டும், இது 26. நாளைக்கே அந்த டொக்டருக்கு இந்த இலக்கங்களை அனுப்புங்கள், அப்பா பிரஷருக்கு வேறு மாத்திரை எடுத்தால் அதன் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். அதுவரைக்கும் படுக்கையில் இருந்து நேரே எழும்ப விடாதீர்கள், விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு, ஒருவர் பிடிக்க எழும்பட்டும். ராத்திரி வெளியே அனுப்பாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் வையுங்கள். தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள், கக்கூஸ் தூரம் என்பதால் பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள்.


மவுசாக்கலை_மகள்:

அப்பா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒரு சொட்டும் குடிப்பதில்லையாம், அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். பிரஷருக்கும் ஒரு மாத்திரை எடுக்கிறார், பெயரைத் தம்பி படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எல்லாவற்றையும் டொக்டருக்கு இன்றைக்கே அனுப்பிவிட்டேன். பாத்திரம் நாளைக்கு ஹட்டனில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.